லுஹர் நேரத்தில் விழுந்த சுவிட்ச்

கல்முனையில் ஒரு புடவைக்கடை. மேல்மாடி ஸ்டோர் ரூமில் கொம்பியூட்டர்களை இணைக்கும் நாற்பத்தெட்டு போர்ட் நெட்வேர்க் சுவிட்ச் பெட்டி ஒன்று இருந்தது. கீழே இருந்த நாலு பில் கவுன்டருக்கும் அதுதான் உயிர். ஒவ்வொரு நாளும் நடுப்பகல் லுஹர் தொழுகைக்குக் கடையைச் சாத்தும் நேரத்தில் அது செத்துவிடும். தொழுதுவிட்டு வந்து திறந்தால் அரை மணித்தியாலம் பில் போட முடியாது.

முதலாளி ஹாஜியார் என்னைக் கூப்பிட்டார். இந்தத் தொழிலில் எனக்கு அப்போது ஐந்தாறு வருடம். எல்லாம் தெரியும் என்ற நினைப்பு தலைக்கேறியிருந்த காலம். காலை பத்து மணிக்குப் போய், கன்சோல் கேபிளைக் குத்தி, பெட்டி தன்னைத்தானே சோதிக்கும் டயக்னொஸ்டிக் கட்டளையைத் தட்டினேன். மெமரி பாஸ். போர்ட் பாஸ். பவர் சப்ளை, ஃபேன், எல்லாம் பாஸ்.

“பெட்டியில ஒரு பிழையும் இல்ல ஹாஜியார். ஆரோ கரண்டைக் கழட்டுறாங்க” என்று லெப்டொப்பை மூடினேன்.

“நாங்க தொழப் பள்ளிக்குப் போனா மேல நிக்கிறது சிவம் ஒருத்தன்தானே” என்றார் ஹாஜியார்.

சிவம் அண்ணன் பக்கத்துப் பாண்டிருப்பு ஆள், பதினெட்டு வருடமாக அங்கே ஸ்டோர் கீப்பர். அந்த இடத்திலேயே நான் வாயைத் திறந்திருக்க வேண்டும். பிளேன்டீயைக் குடித்துவிட்டு வந்துவிட்டேன்.

அடுத்த நாள் காலை அவர் சைக்கிளில் என்னைத் தேடி வந்தார்.

“சனிக்கிழமையோட வேலையில இருந்து நிண்டுக்கச் சொல்லிட்டாரு முதலாளி. நான் கரண்டைக் கழட்டினத நீங்க கண்டீங்களா தம்பி?”

“இல்லண்ணன்.”

“அப்ப ஏன் சொன்னீங்க?”

வெட்கமாக இருந்தது. அன்று பகலே கடைக்குப் போனேன்.

பள்ளியில் பாங்கு சொன்னதும் எல்லோரும் தொழக் கிளம்பினார்கள். “தொழ வரல்லயா தம்பி?” என்றார் ஹாஜியார். “லுஹருக்கு நேரம் கிடக்கு ஹாஜியார். இந்த வேலைய முடிச்சிட்டுத் தொழுறன்” என்றேன். அவர் படியிறங்கும்போது ஏசி சுவிட்சைத் தட்டி நிறுத்தினார்.

“அது தினமும்தான்” என்றார் சிவம் அண்ணன். “ஆளில்லாத கடைக்கு ஏசி எதுக்கெண்டு கேப்பாரு.”

கடைசியாக ஏன் நின்றாய் என்று நெட்வேர்க் சுவிட்சிடமே கேட்கும் கட்டளை ஒன்று உண்டு. முதல் நாளே தட்டியிருக்க வேண்டியதை அப்போதுதான் தட்டினேன். ஒரே வரியில் பதில் வந்தது. கரண்ட் போகவில்லையாம், சூடு தாங்காமல் தானே நின்றதாம்.

பிறகு சூட்டைக் காட்டும் கட்டளையைத் திரும்பத் திரும்பத் தட்டினேன். ஐம்பத்திரண்டு டிகிரி. ஐம்பத்தெட்டு. அறுபத்தாறு. சிவம் அண்ணன் எதிர் மூலையில் சாரன் துணிக் கட்டுகளை இரண்டு கையாலும் அடுக்கிக்கொண்டிருந்தார். எழுபத்தைந்தில் எச்சரிக்கை விழுந்தது, லைட்டெல்லாம் அணைந்தது.

பெட்டியின் பின்பக்கம் தடவிப் பார்த்தேன். காற்றுத் துவாரங்களை மூடித் தடித்த பொலித்தீன் சுற்றி நூலால் கட்டியிருந்தது. முதல் நாளே கண்ணில் பட்டதுதான். உப்புக்காற்றுக்குப் பயந்து எங்கள் வீட்டு டிவிக்கும் இதே உடுப்புத்தான் என்பதால் உறைக்கவில்லை.

“இத ஆரு கட்டின?”

“முதலாளிதான், அவர்ர கையால.”

ஹாஜியார் வந்ததும் திரையைக் காட்டி, ஏசி நின்றதும் பொலித்தீனுக்குள் சூடு ஏறுவதை விளக்கினேன். அவர் பொலித்தீனைத் தானே அவிழ்த்தார்.

“சிவம், சனிக்கிழமைக் கதைய மறந்திரு. ஏசி இனி உன்ட பொறுப்பு. நான் நிப்பாட்டினாலும் நீ போடு.”

“பிழை என்ட, மன்னிச்சிருங்க அண்ணன்” என்றேன் நான்.

சிவம் அண்ணன் பில் துண்டு ஒன்றை நீட்டினார். “ஏன் நிண்ட எண்டு பெட்டிக்கிட்டயே கேட்டீங்களே, அந்தக் கட்டளைய இதில எழுதித் தாங்க தம்பி.”

“உங்களுக்கு எதுக்கண்ணன்?”

“நான்தானே இஞ்ச தனிய நிக்கிறன். எனக்கும் ஒரு சாட்சி வேணும்.”

எழுதிக் கொடுத்தேன். இன்று என்னோடு வேலை செய்பவர்கள் எங்கே போனாலும் முதலில் அந்தக் கட்டளையைத்தான் தட்ட வேண்டும். அதற்குப் பிறகுதான் டயக்னொஸ்டிக், அதற்கும் பிறகுதான் வாய்.