மூன்று வேளைத் தீனி

தகர டப்பாவில் சோளம் உருளும் சத்தம் எங்கே கேட்டாலும் என் கழுத்து இப்போதும் தானாக வானத்தைப் பார்க்கும். பிஸ்கட் வந்த பழைய டப்பா அது. கம்பும் சோளமும் பச்சைப்பயறும் கலந்து போட்டு இரண்டு குலுக்குக் குலுக்கினால், ராஜபாளையத்தில் எங்கள் தெருவுக்கு மேலே வட்டமடித்துக்கொண்டிருக்கும் புறாக்கள் அத்தனையும் இறக்கையை மடக்கிக்கொண்டு மொட்டைமாடிக் கூண்டுக்குள் வந்து விழும். அப்படி வந்து நுழைவதற்கு எங்கள் பந்தயக்காரர்கள் வைத்திருந்த பெயர் "எறக்கம்". எவ்வளவு வேகமாகப் பறந்து வந்தாலும் எறக்கம் இல்லாத புறா, பந்தயத்தில் இல்லாத புறாதான். அது கூரைமேல் உட்கார்ந்து இறகு கோதிக்கொண்டிருந்தால், கைபேசியில் நேரம் குறிக்க நிற்கும் நடுவர் கொட்டாவி விட்டுக்கொண்டு அடுத்த வீட்டைப் பார்ப்பார்.

அப்போது நான் எட்டாம் வகுப்பு. என் புறா மிளகு, சாம்பல் உடம்பில் மிளகைத் தூவிவிட்டாற்போல் புள்ளி விழுந்த பெட்டை. பழக்குவதற்காகப் பறக்கவிட்ட நாட்களிலேயே பெரிய ஆட்களின் புறாக்களையெல்லாம் அது முந்தியது. அந்தச் சேதி ஸ்ரீவில்லிபுத்தூருக்குப் போய், அம்மாவின் ஒன்றுவிட்ட தம்பி செல்வராசு மாமா பால்கோவாப் பொட்டலத்தோடு வீடு தேடி வந்தார். இரண்டு ஊருக்கும் சேர்த்துப் பல வருடமாகப் பந்தயத்தில் ஜெயித்துவந்தவர் அவர். அவரே வந்துவிட்டார் என்ற பூரிப்பில், மனசில் கிடந்த கேள்வியையெல்லாம் அவர் முன் கொட்டினேன். நான் காலையும் மாலையும் தீனி போடுகிறேன், அது போதுமா மாமா என்று கேட்டேன்.

"ரெண்டு வேளையா? ஏட்டி, அம்புட்டுத் தொலவு பறக்குற சீவனைப் பட்டினியா போடுத? வயிறு நெறஞ்சாத்தாண்டி புறா வீட்ட நெனைக்கும். மூணு வேள போடு. பந்தயத்தன்னிக்குக் கொஞ்சம் கூடவே போடு."

போட்டேன். பள்ளிக்கூடத்திலிருந்து மதியச் சாப்பாட்டு நேரத்தில் வெயிலில் ஓடிவந்து ஓடிவந்து போட்டேன்.

பந்தயத்தன்று பிளவக்கல் அணைப் பக்கம் கூடைகளைத் திறந்துவிட்டார்கள். எங்கள் தெருவுக்கு முதலில் வந்தது மிளகுதான். வந்தது, ஒரு வட்டம் போட்டது, தெருமுனைத் தண்ணீர்த்தொட்டியின் உச்சியில் போய் நிம்மதியாக உட்கார்ந்தது. டப்பாவைக் குலுக்கினேன். திரும்பிக்கூடப் பார்க்கவில்லை, அதற்குப் பசியில்லை. குலுக்கிக் குலுக்கிக் கை ஓய்ந்தபோதுதான் மலைப் பக்கமிருந்து ராசாளி வந்தது. ஒரே அடி. அப்பா என் கண்ணைப் பொத்த வந்தார், பிந்திவிட்டார். பிறகு தெருவில் இறங்கி, கிடைத்த இறகுகளை நானே பொறுக்கினேன்.

அது விதி என்று இருந்திருப்பேன். அடுத்த மாதம் மாமா வீட்டு விசேஷத்துக்குப் போனபோது, மாடியிலிருந்த ஆண்களுக்கு டீ கொண்டுபோகச் சொன்னார்கள். பாதிப் படியில் மாமாவின் சிரிப்பு கேட்டது.

"மூணு வேள போடுன்னேன். அந்தக் கிறுக்கு அப்படியே போட்டிருக்கு!"

"ஏன் அண்ணாச்சி, சின்னப்புள்ளட்டயா ஒங்க வித்தையக் காட்டுதீக?" என்றது இன்னொரு குரல்.

"பந்தயத்துல சின்னப்புள்ள என்ன, பெரியபுள்ள என்ன? பந்தயப் புறாவக் கோழியாக்கி வச்சிருக்கா!"

டீத்தட்டோடு மேலே போனேன், எல்லோருக்கும் கொடுத்தேன், மாமாவுக்குச் சர்க்கரை போதுமா என்றுகூடக் கேட்டேன். அன்றிலிருந்து அடுத்த பந்தயம் வரை நான் படித்த பாடம் எதுவும் நினைவில்லை. அந்தச் சிரிப்பு மட்டும் ராகம் பிசகாமல் நினைவிருக்கிறது.

மறுவருடம் எங்கள் பந்தயத்தில் புது வழக்கம் ஒன்று வந்தது. முந்தின நாள் மதியமே ஒருவருடைய கூடையை எதிராளி வீட்டில் ஒப்படைத்துவிட வேண்டும். விடியும்போது எல்லாக் கூடைகளையும் லோடு ஆட்டோ வந்து அள்ளிக்கொண்டு போகும். கடைசி நேரத்தில் யாரும் புறாவை மாற்றிவிடக்கூடாது என்பதற்காக அந்த ஏற்பாடு. கூடையை வாங்குகிறவர் தண்ணீரும், மாலையில் ஒரு கைப்பிடித் தீனியும் வைத்தால் போதும். எதிராளி பட்டினி போட்டுவிடுவானோ என்றுதான் எல்லோரும் பயப்பட்டார்களே தவிர, எதிராளி விருந்து வைப்பான் என்று ஒருவர்கூட நினைக்கவில்லை.

செல்வராசு மாமாவின் கூடை எங்கள் வீட்டுக்கு வரும்படி, அவருக்கு எதிராளியாக நானே பெயர் கொடுத்தேன். கூடையை இறக்கிவைத்துவிட்டு மாமா என் தலையில் தட்டினார். "ஏட்டி, பழச நெனச்சு என் புள்ளைகளப் பட்டினி போட்டுறாத, என்ன?"

"போட மாட்டேன் மாமா."

சொன்ன சொல்லைக் காப்பாற்றினேன். அவர் தெருமுனை தாண்டியதும் ஒரு வேளை, விளக்கு வைத்ததும் ஒரு வேளை, லோடு ஆட்டோ வருவதற்குச் சற்றுமுன் ஒரு வேளை. மக்காச்சோளம், நிலக்கடலை, பொட்டுக்கடலை. கழுத்துப் பை புடைக்கப் புடைக்கத் தின்றன, பாவம், நல்ல புறாக்கள். என் புறாக்களின் எறக்கத்தைப் பார்த்துக்கொள்ளும்படி அப்பாவிடம் டப்பாவைக் கொடுத்துவிட்டு, ஸ்ரீவில்லிபுத்தூருக்கு முதல் பஸ்ஸைப் பிடித்தேன்.

மாமா வீட்டு மாடியில் நல்ல கூட்டம். அவர் புறாக்கள் தாமதமாக, கல்யாண வீட்டிலிருந்து திரும்புகிறவர்களைப்போல ஆடி அசைந்து வந்து, எதிர்வீட்டுக் கைப்பிடிச் சுவரில் வரிசையாக உட்கார்ந்தன. மாமா டப்பாவைக் குலுக்கினார். பிறகு கெஞ்சினார். "வால என் ராசா... வாம்மா தாயி..." பிறகு வேட்டியை மடித்துக்கட்டிக்கொண்டு அவரே புறாவைப்போலக் குனுகினார். கூட்டத்தில் யாரோ, "அண்ணாச்சி, புறா வராது போலயே, நீங்க வேணா கூண்டுக்குள்ள எறங்குங்க" என்றதும் மாடியே சிரித்தது. நடுவர் கொட்டாவி விட்டார். அந்தக் கொட்டாவியை நான் கண் குளிரப் பார்த்தேன்.

அப்போதுதான் மாமா என்னைக் கண்டார். "ஏட்டி, என் புறாவுக்கு என்ன போட்ட?"

"தீனிதான் மாமா. நீங்க சொன்ன மாதிரி மூணு வேள. பந்தயமுன்னு கொஞ்சம் கூடவே."

அது தப்பு என்று அவர் சொல்லியிருக்கலாம். சொன்னால், எனக்கு அதை ஏன் சொல்லிக்கொடுத்தார் என்று அத்தனை பேருக்கும் சொல்ல வேண்டும். மாமா திரும்பி மறுபடி டப்பாவைக் குலுக்கினார். போன வருடம் அவரோடு டீ குடித்தவர்கள் தரையைப் பார்த்தார்கள். திரும்பும் வழியில் பால்கோவா வாங்கி, பஸ்ஸிலேயே முழுதும் தின்று தீர்த்தேன். என் புறாக்கள் எத்தனையாவதாக வந்தன என்று அப்பாவிடம் கேட்கவே மறந்துபோனேன்.

மன்னித்திருக்கலாமே என்பார்கள். அவர் புறாக்கள் உயிரோடு கூண்டுக்குத் திரும்பின. ராசாளிக்கு அன்று வேறெங்கோ வேலை. ஆகவே கணக்கு இன்னும் நேராகவில்லை.

இப்போது எங்கள் மாடியில் கூண்டு இருந்த இடத்தில் சூரிய வெந்நீர்க் குழாய்கள் நிற்கின்றன. தெருமுனைத் தண்ணீர்த்தொட்டியை இடித்துவிட்டார்கள். மாமாவிடமும் புறா இல்லை. யூடியூப் சேனல் இருக்கிறது. ஞாயிறுதோறும் வெள்ளைச் சட்டையில் வந்து, பந்தயப் புறாவுக்கு எத்தனை வேளை தீனி என்று ஊருக்கெல்லாம் சொல்லித்தருகிறார். "ரெண்டே வேள. காலைல கொஞ்சம், எறங்குன பொறவு மிச்சம். பசி இருந்தாத்தான் புறா வீட்ட நெனைக்கும்."

வீடியோ வந்ததும் கீழே என் பெயரிலேயே எழுதுவேன்: "மூணு வேளைன்னு சொன்னீங்களே மாமா?" மாலைக்குள் அழித்துவிடுவார். அடுத்த ஞாயிறு மறுபடி எழுதுவேன். இதுவரை ஒரு வேளைகூட நான் தவறியதில்லை.