இல்லாத கடைக்கு வந்த அழைப்புகள்

என் நாத்தனாருக்கு என் வீட்டுக்காரர் வைத்த பட்டப்பெயர் 'முதல் பக்கம்'. கடைகளுக்கும் கம்பெனிகளுக்கும் வெப்சைட் செய்து தருவது அவள் தொழில். யார் எதைத் தேடினாலும் தன் வாடிக்கையாளரின் கடை முதல் பக்கத்தில், அதிலும் முதல் ஆளாக, வந்து நிற்க வேண்டும் அவளுக்கு. இரண்டாம் பக்கம் என்று ஒன்று இருப்பதையே ஒப்புக்கொள்ள மாட்டாள். "அங்க யாரும் போறதில்ல அண்ணி" என்பாள், ஏதோ பாழடைந்த பங்களாவைப் பற்றிப் பேசுவது போல.

எங்கள் வீட்டு மாடியறைதான் அவளுடைய ஆபீஸ். அம்மா அப்பா போன பிறகு அவளை வளர்த்து ஆளாக்கியவர் அவள் அண்ணன், அதாவது என் வீட்டுக்காரர். அவருக்கு ஃபிரிட்ஜ் ரிப்பேர் கடை. சின்ன வயதில் பள்ளிக்கூடம் விட்டதும் அவள் அந்தக் கடையிலேயே கிடப்பாள். ஒழுகுகிறது, உறுமுகிறது, ஐஸ் மலையாகக் கட்டுகிறது என்று வருகிறவர்கள் புலம்புவதைக் கேட்டுக் கேட்டு வளர்ந்த காது அது. அந்தக் காதுதான் இன்றைக்கு அவளுக்குச் சோறு போடுகிறது.

கம்பெனிக்காரர்கள் 'ஒருங்கிணைந்த பராமரிப்புத் தீர்வுகள்' என்று பெரிதாக எழுதிக்கொண்டு வருவார்கள். அவசரத்தில் இருக்கிற மனுஷன் இப்படியா தேடுவான் என்று கேட்டு அதை ஓரமாக வைத்துவிடுவாள். ஒரு நாற்காலிக் கடைக்காரர், தன் படம் பெரிதாக வர வேண்டும், பின்னால் இசை ஒலிக்க வேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்றார். உங்கள் முகம் திறப்பதற்குள் வந்தவன் பக்கத்துக் கடையில் உட்கார்ந்து பார்த்துவிடுவான் என்று சொல்லிவிட்டாள். பக்கம் சட்டென்று திறக்க வேண்டும், தேடுகிறவன் வாயில் வருகிற வார்த்தை தலைப்பில் இருக்க வேண்டும், ஒவ்வொரு தொல்லைக்கும் தனிப் பக்கத்தில் நேர்மையான பதில் இருக்க வேண்டும். அவ்வளவுதான் அவள் மந்திரம்.

நம்பாமல் வருகிறவர்களுக்கு அவளிடம் ஒரு மருந்து இருந்தது. ஒரு மாதிரிக் கடை. தொழிலைக் காட்டுவதற்காக அவளே பெயர் வைத்து, விலாசம் வைத்து, இணையத்தில் கட்டிவிட்ட கடை. தேடச் சொல்வாள்; முதல் ஆளாக வந்து நிற்கும். அடுத்து, அதற்கு வந்த தொலைபேசி அழைப்புகளைக் கோடு போட்டுக் காட்டுவாள். டீ கொடுக்கப் போகும்போது நானும் வாசலில் நின்று பார்த்திருக்கிறேன். கோடு மேலே மேலே ஏறிக்கொண்டிருக்கும். வந்தவர்கள் வாயைப் பிளந்தபடி முன்பணம் கொடுத்துவிட்டுப் போவார்கள். அது என்ன கடை என்று ஒரு தடவை கேட்டேன். அப்படி ஒரு கடையே கிடையாது, கூப்பிடுகிறவர்களிடம் மெஷின் பேசிக்கொள்ளும் என்று சிரித்தாள். கில்லாடிதான் என்று நானும் மெச்சினேன். அந்த நாக்கை இப்போது கடித்துக்கொள்ளத் தோன்றுகிறது.

மாடியில் கோடு ஏறிக்கொண்டிருந்த அதே நாட்களில் கீழே என் வீட்டுக்காரருக்கு வேலை குறைந்துகொண்டே வந்தது. கேட்டால் சீசன் மந்தம் என்பார். உதவியாளரை நிறுத்தினார். வண்டியை விற்றார். பிறகு ஒரு புதுப் பழக்கம் தொற்றிக்கொண்டது. குளிக்கப் போனாலும் போனைக் கையோடு எடுத்துப் போவார். தெரியாத நம்பர் என்றால் எழுந்து வெளியே ஓடுவார். இந்த வயதில் காதலா என்று கிண்டல் அடித்தேன். அவர் சிரிக்கவில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் மூவரும் சாப்பிட உட்கார்ந்தோம். சாம்பார்க் கரண்டியை எடுத்துத் தா என்பது போல, இந்த மாதத்தோடு கடையைக் காலி செய்யப்போகிறேன் என்றார். எனக்குக் கையில் எடுத்த சோறு வாய்க்குப் போகவில்லை. ஏன் என்று கேட்டேன்.

"புதுசா ஒருத்தன் வந்திருக்கான். பனித்துளின்னு பேரு. ஃபிரிட்ஜ் ரிப்பேர்னு தேடினா அவன்தான் மொத ஆளு. பாப்பா படிக்கறப்போ நமக்கு ஒரு பக்கம் பண்ணிக் குடுத்தாளே, அது எங்கயோ பின்னாடி போயிடுச்சு. கடை எப்படி இருக்குன்னு நேர்ல போய்ப் பார்த்தேன். அந்த விலாசத்துல வெறும் மனைதான் கிடக்கு. ஆனா தொழில் தெரிஞ்சவன்டி. அவன் எழுதியிருக்கறது நான் பேசற மாதிரியே இருக்கு."

கையைக் கழுவிக்கொண்டு, சாமான்களை ஒழுங்குபடுத்த வேண்டும் என்று கடைக்குப் போய்விட்டார்.

நாத்தனாரைப் பார்த்தேன். பேயறைந்த மாதிரி உட்கார்ந்திருந்தாள். பிறகு எழுந்து மாடிக்குப் போனாள். நான் பின்னாலேயே ஏறினேன்.

"அந்தப் பனித்துளி நான்தான் அண்ணி."

தலையில் இடி விழுந்தது என்பார்களே, அதை அன்றைக்குத்தான் அனுபவித்தேன். ஊருக்கெல்லாம் சகுனம் சொல்லும் பல்லி கழுநீர்ப் பானையில் விழுந்தாலும் பரவாயில்லை, இது எங்களையல்லவா தள்ளிவிட்டது. வாய்க்கு வந்தபடி கேட்டேன். அவள் எதையும் மறுக்கவில்லை. தனக்கு நன்றாகத் தெரிந்த தொழில் அது ஒன்றுதான் என்பதால் மாதிரிக்கு ஃபிரிட்ஜ் கடையை எடுத்தாளாம். ஐஸைக் கத்தியால் குத்தாதீர்கள், கதவு ரப்பரைத் துடைத்துப் பாருங்கள் என்று அண்ணன் வாயிலிருந்து கேட்டதையெல்லாம் எழுதினாளாம். யார் முதலில் வருகிறார் என்று மட்டும்தான் பார்ப்பாளாம். யார் கீழே போகிறார் என்று பார்க்கத் தோன்றவில்லையாம்.

கூப்பிட்டவர்கள் என்ன சொன்னார்கள் என்று கேட்டேன்.

"கேட்டதில்ல அண்ணி. எத்தனை பேர்னு மட்டும்தான் பார்ப்பேன்."

எனக்குக் கோபம் கூட வரவில்லை, திகைப்புதான் வந்தது. இத்தனை பேரை வாசலுக்கு வரவழைத்துவிட்டு ஒருத்தர் பேச்சையும் கேட்காமல் இருக்க முடியுமா? இப்போது போடு என்றேன். போட்டாள். 'எங்கள் ஆட்கள் வேலையில் இருக்கிறார்கள். விவரம் சொல்லுங்கள். இன்றே வருகிறோம்' என்று மெஷின் சொன்னது. அந்த 'இன்றே' என்ற சொல்லை நம்பி வரிசையாக மனிதர்கள் பேசினார்கள். ஒரு பெண்ணுக்கு அப்பாவின் ஊசி மருந்து கெட்டுவிடும் என்று பயம். ஒரு டீக்கடைக்காரர், காலையிலிருந்து கடையை விட்டு நகராமல் காத்திருப்பதாகச் சொன்னார். நாத்தனார் வாயைப் பொத்திக்கொண்டாள். பொத்தினாலும் நான் நிறுத்த விடவில்லை.

அடுத்து வந்த குரலை எனக்கு அறிமுகம் செய்ய வேண்டியதில்லை.

"வணக்கம் சார். நானும் ஃபிரிட்ஜ் வேலைதான் பாக்குறேன், இதே ஊர்தான். உங்க பக்கத்தைப் படிச்சேன். தொழில் தெரிஞ்ச ஆளு எழுதினது. உங்ககிட்ட ஆள் தேவைப்பட்டா நான் வர்றேன் சார். வயசைப் பாக்காதீங்க, கை நல்லா இருக்கு. வீட்ல இன்னும் சொல்லல. எப்பக் கூப்பிட்டாலும் நானே எடுத்துருவேன்."

'நன்றி, இன்றே வருகிறோம்' என்றது மெஷின்.

பதிவான தேதியைப் பார்த்தேன். ஒரு மாதத்துக்கு மேல் ஆகியிருந்தது. குளிக்கிற அறைக்குப் போன போனும், வாசலுக்கு ஓடின ஓட்டமும் எனக்கு அப்போதுதான் விளங்கின. காதலா என்று கேட்டேனே, பாவி.

பனித்துளியின் நம்பரிலிருந்தே அவரைக் கூப்பிடு என்றேன். தன் போனிலிருந்து பேசுகிறேன், நேரில் போய்க் காலில் விழுகிறேன் என்று கெஞ்சினாள். அவர் அந்த நம்பருக்குத்தான் காத்துக்கொண்டிருக்கிறார், அதிலிருந்தே கூப்பிடு என்று மறுபடியும் சொன்னேன். எனக்கும் கேட்கும்படி ஸ்பீக்கரைப் போட்டு அழுத்தினாள்.

முதல் மணியிலேயே எடுத்துவிட்டார்.

"வணக்கம் சார்" என்றார். உட்கார்ந்திருந்தவர் எழுந்து நிற்பது குரலிலேயே தெரிந்தது.

லைனில் இருக்கிறீர்களா சார் என்று இரண்டு தடவை கேட்டார்.

"அண்ணா, நான்தான்."

திட்டப்போகிறார் என்று நான் கண்ணை மூடிக்கொண்டேன்.

"பாப்பா, நீ அங்கயா வேலை பாக்குற?" என்றார். அவர் குரலில் சந்தோஷம் இருந்தது. "அப்ப அந்த முதலாளிகிட்ட அண்ணனுக்காக ஒரு வார்த்தை சொல்லேம்மா."