சும்மா கிடந்த பங்கு

அதாம் என்ற பாலைவன ஊரின் ஒட்டகப் பந்தயத் திடலில் மஸூனைக் கண்டாலே யாருக்கும் ஆகாது. முப்பத்தாறு வயது, டவர் கம்பெனியில் பதினோரு வருட சர்வீஸ், ஆனால் அவள் சிரித்துப் பேசி ஒருவரும் பார்த்ததில்லை. அவளுக்கும் மனிதர்களைக் கண்டால் ஆகாதுதான்.

திடலுக்கு இருப்பது ஒரே டவர். மூன்று செல்போன் கம்பெனிகளுக்கும் அதுதான். பந்தய நாளில் எட்டாயிரம் பேர் வீடியோ அனுப்பத் தொடங்கினால் அது திணறிப்போகும். அதனால் அலைவரிசையைக் கூறு போட்டு வைத்திருந்தார்கள்: ஜனங்களுக்கு ஒரு பங்கு, டிவிக்கு ஒன்று, ஆம்புலன்ஸுக்கு ஒன்று. எவ்வளவு கூட்டம் வந்தாலும் ஆம்புலன்ஸ் பங்கு குறையாது என்று எழுத்தில் உத்தரவாதம். வண்டியில் கிடப்பவனின் நெஞ்சுத் துடிப்பை நகரத்து டாக்டர் திரையில் பார்த்து வைத்தியம் சொல்வது அதன் வழியாகத்தான். அதை மாற்ற மேலாளர் நப்ஹான் மட்டும் போதாது, மஸூனும் தன் பாஸ்வேர்டைப் போட வேண்டும்.

கடைசிப் பந்தயத்துக்குப் பத்து நிமிடம் இருக்கையில் திடலின் பெரிய திரையில் டிவி படம் அப்படியே நின்றுவிட்டது. ஒட்டகக்காரர்கள் தங்கள் ஜீப்புகளின் ஹாரனை அழுத்தியபடி கத்தினார்கள். டவரடியில் மஸூன் உட்கார்ந்து வேலை பார்க்கும் கம்பெனி வேனின் கதவை நப்ஹான் படாரென்று திறந்தான்.

"ஆம்புலன்ஸ் பங்கை டிவிக்கு மாத்து. இப்பவே!"

"முடியாது."

"அது சும்மாதானே கிடக்கு? டிரைவர் காப்பி குடிச்சுக்கிட்டு உக்காந்திருக்கான். கால் மணி நேரம் கொடுத்தா குடியா முழுகிப் போயிடும்?"

"போன வருஷமும் இதையேதான் சொன்னீங்க."

நப்ஹானின் முகம் சுண்டியது. போன வருடம் அந்தப் பங்கை டிவிக்கு மாற்றியது பன்னிரண்டு நிமிடம்தான். இதே மஸூன் பாஸ்வேர்டைப் போட்டுக் கொடுத்தாள். அந்த நேரம் பார்த்துத் தீவனம் இறக்கிக்கொண்டிருந்த முஸல்லம் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விழுந்தான். அவன் மூச்சு அடங்கும்வரை டாக்டரின் திரையில் ஒன்றுமே தெரியவில்லை. மாத அறிக்கையில் அந்தப் பன்னிரண்டு நிமிடம் சராசரியில் கரைந்தே போனது. 'உத்தரவாதம் நிறைவேறியது' என்று எழுதியதும் அவள்தான், பாவி.

"அவன் விதி, போயிட்டான். இன்னிக்குப் படம் வரலைன்னா நாளைக்கு உனக்கு இங்க வேலை இல்லை, பாத்துக்க."

"தாராளமா எடுத்துடுங்க. இப்ப கதவைச் சாத்திட்டு வெளிய போங்க."

படம் வராமலேயே பந்தயம் முடிந்தது. வேன்மேல் தண்ணீர் பாட்டில்கள் வந்து விழுந்தன. வாய்க்கு வந்தபடி ஏசினார்கள். திடல் காலியாவதற்குள் அவளை வேலையிலிருந்து நிறுத்திவிட்டதாகப் போனில் தகவலும் வந்துவிட்டது.

ஆம்புலன்ஸ் டிரைவர் ஹம்தான் ஒரு கோப்பைக் காப்பியோடு வந்தான்.

"இன்னிக்கு ஒருத்தருக்கும் ஒண்ணும் ஆகலை, தங்கச்சி. அந்தப் பங்கு மொத்தமும் வீண். இதுக்குப் போய் வேலையை விட்டியே!"

மஸூன் காப்பியை வாங்கவில்லை.

"வீணாப் போகட்டும். போன வருஷமும் வீணாப் போக விட்டிருந்தா முஸல்லம் பொழைச்சிருப்பான்."