அம்புக்குறி பார்த்து மாட்டிய டயர்

தொண்ணூறுகளின் நடுவில் ஓர் ஐப்பசி மாதம். பெரியநாயக்கன்பாளையத்துக்குக் கிழக்கே இருந்த எங்கள் கரிசல் காட்டில் கொண்டைக்கடலை விதைக்க வேண்டியிருந்தது. டிராக்டரின் பின் டயர்கள் இரண்டும் வழவழவென்று தேய்ந்துபோயிருந்தன. போத்தனூர் பக்கம் ஒரு பட்டறையில் கொடுத்து, மேலே புது ரப்பர் ஒட்டி வாங்கிவந்தோம்.

காட்டைப் பார்த்துக்கொண்டது அண்ணன். நான் ஒரு மோட்டார் பம்பு கம்பெனியில் சர்வீஸ் பிரிவில் இருந்தேன். விதைப்புக்காக ஒரு வாரம் லீவு போட்டிருந்தேன். டிராக்டரை ஏழு வருஷமாக ஓட்டிவந்த டிரைவருக்கு என் வயதுதான் இருக்கும். அவருடைய அப்பாவும் அம்மாவும் எங்கள் காட்டில் கூலிக்கு வேலை செய்தவர்கள். அதனால் எங்கள் வீட்டில் எல்லோரும் அவரை ஒருமையில்தான் கூப்பிட்டோம். அவர் எங்களிடம் ஒரு வார்த்தைகூட 'ங்க' இல்லாமல் பேசமாட்டார்.

பஞ்சர் கடையில் டயர் மாட்டும்போது நான்தான் கூட நின்றேன். டயரின் பக்கவாட்டில், எந்தத் திசையில் சுற்ற வேண்டும் என்று ஓர் அம்புக்குறி இருக்கும். பம்பிலும் அப்படித்தான். அம்புக்கு எதிராகச் சுற்றினால் தண்ணீர் ஏறாது. அதைச் சொல்லிச் சொல்லியே என் பாதி நாள் கழியும். இரண்டு டயரிலும் அம்பைத் தேடிச் சாக்பீஸால் கோடு போட்டு, அம்பு முன்னோக்கிச் சுற்றும்படி மாட்டவைத்தேன். பிறகு எடைக்காக டயருக்குள் முக்கால்வாசி தண்ணீர் ஏற்றினார்கள்.

டிரைவர் டிராக்டருக்குப் பின்னால் குத்தவைத்துக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஏனுங்க, சோத்தாங்கைப் பக்கம் கட்டையெல்லாம் கூரை மாதிரி மேல கூடுதுங்க. பீச்சாங்கைப் பக்கம் அந்தக் கூரையக் கவுத்துப்போட்ட மாதிரி இருக்குதுங்க."

கட்டை என்று அவர் சொன்னது மண்ணைக் கவ்வும் ரப்பர் பட்டைகளை. நான் எட்டிப் பார்த்தேன். அவர் சொன்னது போலத்தான் இருந்தது.

"இடதும் வலதும் கண்ணாடியில பாக்கற மாதிரி எதிரெதிராத்தான் இருக்கும். அம்பு சரியா இருக்குதல்ல?" என்றேன்.

"முந்தி ரெண்டும் ஒரே மாதிரி இருந்துச்சுங்க."

"நீ ஓட்டறதப் பாரு."

அவர் எழுந்து போய்விட்டார்.

இரண்டு நாள் நல்ல மழை. மூன்றாம் நாள் வெயில் அடித்தது. கரிசல் மண்ணில் ஈரம் பதமாக நிற்பது ஐந்தாறு நாள்தான். அதற்குள் உழுது விதைத்துவிட வேண்டும். ஒன்பது கொழுக் கலப்பையை இறக்கி உழ ஆரம்பித்தால், பத்தடி போனதும் டிராக்டர் இடது பக்கமாக வழுக்கியது. இடது சக்கரத்தில் மண் அப்பிக்கொண்டு உருண்டையாகி, நின்ற இடத்திலேயே சுற்றியது. வலது சக்கரம் அசையவில்லை. சுற்றச் சுற்ற இடது பக்கம் அச்சு வரைக்கும் புதைந்தது. பக்கத்துக் காட்டு டிராக்டரைக் கூப்பிட்டுச் சங்கிலி போட்டு இழுத்தோம். மறுபடியும் உழுதோம். மறுபடியும் புதைந்தது.

அண்ணன் என்னைப் பார்த்தார். நான் பஞ்சர் கடைக்காரரைக் கூட்டிவந்தேன். அவர் அம்பைப் பார்த்துவிட்டு, "மாட்டுனது சரியாத்தானுங்க இருக்குது, காத்து அதிகம்" என்று சொல்லிக் காற்றைக் குறைத்தார். வழுக்கியது. இன்னும் தண்ணீர் ஏற்றினோம். வழுக்கியது. பஸ் பிடித்துப் போத்தனூர் பட்டறைக்குப் போனேன். டயர் கொடுக்கவும் வாங்கவும் வந்தவர்களுக்கு நடுவில் வெகுநேரம் நிற்கவைத்துவிட்டு, முதலாளி நிமிர்ந்துகூடப் பார்க்காமல் சொன்னார்: "எங்க வேலைல கொறை வராதுங்க. அம்பப் பாத்து மாட்டுங்க, அவ்வளவுதான்."

திரும்பி வந்த எரிச்சலில், நாலைந்து பேர் நின்றுகொண்டிருக்க, டிரைவரிடம் கேட்டேன்: "கிளட்ச்ச இப்படிப் படக்குனு விட்டா எந்த டயருதான் நிக்கும்? ஏழு வருஷமா என்னத்த ஓட்டுன?"

அவர் சாவியை டிராக்டர் சீட்டின் மேல் வைத்தார். துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வரப்பு வழியாக நடந்து போனார். அடுத்த நாள் வேலைக்கு வரவில்லை.

நானே ஓட்டினேன். கிளட்ச்சை எவ்வளவு மெதுவாக விட்டும் முதல் சாலிலேயே மாட்டிக்கொண்டேன். இறங்கி, சேறு ஒட்டிய செருப்பைக் கழற்றி எறிந்துவிட்டுப் பின்பக்கம் வந்தேன். கலப்பையை இறக்கும் முன் வந்த வழியில் இரண்டு சக்கரத் தடமும் தெளிவாகப் பதிந்திருந்தன. வலது தடத்தின் கூரை முனைகள் எல்லாம் பின்னால் இருந்த வரப்பைப் பார்த்தன. இடது தடத்தின் முனைகள் டிராக்டரைப் பார்த்தன. ஒரு வண்டி ஒரே நேரத்தில் போவதும் வருவதும் போல இருந்தது.

கண்ணாடியில் இடவலம்தான் மாறும், மேல்கீழ் மாறாது. இது எனக்கு அந்தச் சேற்றில் நின்றபோதுதான் உறைத்தது. பட்டறையில் இடது டயரை வார்ப்பு அச்சில் திருப்பி வைத்துப் புது ரப்பரை ஒட்டிவிட்டார்கள். அம்பு பழைய டயருடையது. அது ஒரு திசையைச் சொன்னது, கட்டை வேறு திசையில் இருந்தது. நான் அம்பை மட்டும் பார்த்தேன்.

அண்ணன் வந்து தடத்தைப் பார்த்தார். "இதத்தான அவன் அன்னைக்கே சொன்னான்?" என்றார். "கம்பெனில வேல பாக்கறவன் சொல்றானேன்னு நானும் வாய மூடிட்டு இருந்தேன்."

அன்று முழுக்கத் தண்ணீரை வடித்து, டயரைக் கழற்றி, திருப்பிப் போட்டு, திரும்பத் தண்ணீர் ஏற்றியதிலேயே போயிற்று. அம்பு இப்போது பின்னோக்கி இருந்தது. பஞ்சர் கடைக்காரர் கடைசி நட்டை முடுக்கும்வரை, "இது தப்புங்க, அப்புறம் என்னையச் சொல்லக் கூடாதுங்க" என்று சொல்லிக்கொண்டே இருந்தார். யார் மேல் கோபப்படுவது என்றே எனக்குத் தெரியவில்லை. அவரும் என்னைப் போலத்தான் பேசினார்.

சாயங்காலம் டிரைவர் வீட்டுக்குப் போனேன். அந்த ஏழு வருஷத்தில் அதுதான் முதல் தடவை. வாசலிலேயே நின்றேன். அவர் மனைவி ஒரு ஸ்டூலைக் கொண்டுவந்து வைத்தார். நான் உட்காரவில்லை.

"டயரு தப்புதான். நீங்க சொன்னது சரி," என்றேன். 'நீங்க' என்று வாயில் வந்தது எனக்கே புதிதாக இருந்தது.

"டயரத் தப்பா மாட்டுனதுக்கு நான் போகலீங்க," என்றார். "நாலு பேருக்கு முன்னால ஓட்டத் தெரியாதுன்னு சொன்னீங்கல்ல, அதுக்குத்தானுங்க போனேன்."

"தப்புத்தான்."

அவர் மனைவிதான், "காத்தால வருவாருங்க, ஈரம் காயுதல்ல," என்றார்.

மறுநாள் விடிந்ததும் வந்தார். டிராக்டர் ஒரு இடத்திலும் வழுக்கவில்லை. ஆனால் மேல்மண் அதற்குள் காய்ந்து கட்டி கட்டியாகப் பெயர்ந்தது. விதை பாதிதான் முளைத்தது. அந்த வருஷம் கடலைக்காடு சொட்டை விழுந்த தலை மாதிரி கிடந்தது. பட்டறைக்கு இன்னொரு தடவை போனேன். அவர்கள் கடைசிவரை ஒத்துக்கொள்ளவில்லை.

தை முடிவதற்குள் டிரைவர் மேட்டுப்பாளையம் ரோட்டில் ஒரு மில்லில் லாரி ஓட்டப் போய்விட்டார். கோபத்தில் போகவில்லை, சம்பளம் அதிகம் என்று அண்ணன் சொன்னார். அப்படியும் இருக்கலாம். நான் அவரிடம் கேட்கவில்லை.