மிச்சம் கடையில் ஒரு விசாரணை ஒத்திகை

லண்டன், நவம்பர் 2009. மோர்டன் போகும் வழியில், மிச்சம் என்னும் ஊரில் ஒரு தமிழ்க் கடை. ருவாண்டா பொதுநலவாயத்தில் சேர்ந்துவிட்டதாக வானொலி சொல்கிறது. நட்பு நாடென்று சொல்லி அகதிகளைத் திருப்பியனுப்ப பிரித்தானியாவுக்கு இனி வசதி. நாளை அகதி விசாரணைக்குப் போகும் ருவாண்டாக்காரர் கல்லாவருகே வியர்த்து நிற்கிறார்.

“அண்ணை, உங்களுக்கு எல்லா நடைமுறையும் தெரியுமே. இவரைக் கொஞ்சம் பழக்கிவிடுங்கோ,” என்கிறார் கடைக்காரர்.

இங்கத்தைய உள்துறையில் அகதி மனுக்களை நிராகரித்தே ஓய்வுபெற்றவன் நான். அதிகாரியின் குரலில் ஆங்கிலத்தில் கேட்கிறேன்: “நீர் ஹூட்டுவா, டுட்சியா?”

அவர் வாசலைப் பார்க்கிறார். “நாங்கள் எல்லோரும் ருவாண்டர்கள்.”

கடைக்காரர் என் காதருகே குனிகிறார். “தொண்ணூற்றி நாலு இனப்படுகொலைக்குப் பிறகு அங்கை எந்த இனமெண்டு கேட்கவே ஏலாதாம், அண்ணை.”

“இங்கை அதைச் சொல்லாமல் ஒண்டும் நடக்காது, தம்பி.”

கதவைச் சாத்திவிட்டு மறுபடி கேட்கிறேன். அவருடைய உதடுகள் அசைகின்றன. பிறகு, சாத்திய கதவைப் பார்த்தபடியே, அதே பதில்.