புதன்கிழமைக் கணவன்

கொடைக்கானலிலிருந்து இறங்கிய நான் பெருமாள்மலை வரும்வரை திரும்பிப் பார்க்கவில்லை. தோளில் கம்பளி, கையில் தகரப் போணி. பெரும்பாறைப் பக்கம் காப்பிப்பழம் பறிக்க ஆள் எடுக்கிறார்கள் என்று கேள்வி. நான் ஒரு தர்ம ஸ்தாபனத்துக்குப் பயந்து ஓடிக்கொண்டிருந்தேன். போலீசுக்குப் பயந்து ஓடியிருந்தால் கொஞ்சம் மரியாதையாவது மிஞ்சியிருக்கும்.

நான் மலைக்கு வந்த புதிதில் அது ஸ்தாபனமாக இல்லை. மாதா கோயிலுக்குப் பின்னால் ஓர் அண்டா, அதில் கரைத்த பால்பவுடர், இரண்டு கன்னியாஸ்திரீகள். தட்டை நீட்டியவனுக்கு ஊற்றினார்கள். நானும் நீட்டியிருக்கிறேன். பிறகு கமிட்டி வந்தது. கமிட்டிக்கு ஓர் அறை, அறைக்கு ஒரு மேஜை, மேஜைக்குப் பின்னால் உட்கார ஒரு குமாஸ்தா. உட்கார்ந்தவர் சும்மா இருப்பாரா? கேள்வி கேட்க ஆரம்பித்தார். மக்காச்சோள மாவும் எண்ணெயும் கப்பலில் வந்து இறங்க இறங்க, கேள்விகளும் பெருகின. கடைசியில் அட்டை போட்டார்கள், குடும்பங்களுக்கு மட்டும். குடும்பம் என்றால், புதன்கிழமை மாவு போடும்போது ஆண் ஒருவன் வந்து நிற்க வேண்டும்.

என் பக்கத்து அறையில் ஒருத்தி இரண்டு பிள்ளைகளோடு இருந்தாள். காய்கறி மண்டியில் கேரட் கழுவுகிற வேலை. பனிக்காலத்தில் விரல் வெடித்துவிடும். மதுரைக்குப் போன புருஷனைப் பற்றி மூன்று வருஷமாகத் தகவல் இல்லை. அவன் செத்திருந்தால் அவளை விதவைப் பட்டியலில் சேர்த்திருப்பார்கள். வீட்டில் குடித்துக் கிடந்திருந்தால் குடும்பப் பட்டியலில் சேர்த்திருப்பார்கள். அவன் இரண்டும் செய்யவில்லை.

"அண்ணே, புதன்கெழம எங்கூட வந்து சும்மா நில்லுங்க. அவரு பேரச் சொல்லுங்க, போதும்" என்றாள்.

"அங்க வந்து அண்ணேன்னு கூப்பிட்டுராத தாயி."

ஒரு புதன் இரண்டு வருஷமானது. வாரம் ஒரு தட்டு மஞ்சள் களி எனக்குக் கிடைத்தது.

நான் மலை இறங்கிய அந்தப் புதன்கிழமை காலை குமாஸ்தா எழுந்து நின்று அறிவித்தார். ஸ்தாபனம் வளர்ந்துவிட்டதாம், மாடிக் கட்டடம் வேண்டுமாம். அட்டை வைத்திருக்கும் குடும்பத் தலைவர்கள் நாளை முதல் கல் சுமக்க வேண்டும். வராதவன் வீட்டு அட்டை கிழிக்கப்படும். ஏழைகளுக்குக் கட்டடம் எழுப்ப ஏழைகளின் தலைதான் அகப்பட்டது.

நான் கம்பளியைச் சுருட்டுவதை அவள் வாசலில் நின்று பார்த்தாள்.

"போங்கண்ணே. மொதப் புருஷன் சொல்லாமப் போனான், நீங்க கண்ணு முன்னாலயாவது போறீங்க."

பெருமாள்மலை டீக்கடையில் பெரும்பாறைத் தோட்டத்துக் கங்காணி உட்கார்ந்திருந்தார். வேலை கேட்டேன்.

"பொண்டாட்டி புள்ளைக எங்க?"

"தனி ஆளுங்க."

"தனி ஆளுக்கு லயத்து வீட்டுல எடமில்லப்பா. இன்னைக்கு இருப்பே, நாளைக்கு ஓடுவே. குடும்பமா வா, வேல தாரேன்."

கடைக்கார பாய் சிரித்தார். "கலியாணத்த முடிச்சிட்டு வெரசா வாங்க."

ஆயக்குடிக்கு இறங்கினால் கொய்யாக்கூடை சுமக்கலாம். அங்கே யாரும் பெண்டாட்டியைக் கேட்கமாட்டார்கள். டீ முடியும்வரை அதைத்தான் யோசித்தேன். பிறகு மலையேறினேன்.

அவள் அடுப்பு ஊதிக்கொண்டிருந்தாள்.

"அங்க வேல இல்ல" என்றேன்.

"நான் ஒண்ணும் கேக்கலையே" என்றாள்.

மறுநாள் காலை, கோயிலுக்குப் பின்னால் பனி இன்னும் விலகவில்லை. குமாஸ்தா குல்லாயைக் காதுவரை இழுத்துவிட்டுக்கொண்டு பெயர் கேட்டார். ஓடிப்போனவனின் பெயரைச் சொல்லிவிட்டு, தலையில் சும்மாடு கட்டிக் கல் சுமக்கப் போனேன்.