ஷெட்டைப் பிடித்துக்கொண்ட வண்டி

அந்த வண்டி வந்த பிறகு எங்கள் வீட்டில் ரத்தம் பார்க்காத ஞாயிற்றுக்கிழமை என்று ஒன்று இருந்ததில்லை. யார் ரத்தம் என்பதுதான் மாறும். பெரும்பாலும் என் வீட்டுக்காரருடையது. சில சமயம் கொழுந்தனுடையது. கடைசியில் என்னுடையது.

தொண்ணூறுகளின் நடுவில் ஜீவனஹள்ளியில் இருந்தோம். கீழ்வீடு எங்களுக்கு, மாடி கொழுந்தனுக்கு. தெருவைப் பார்த்து ஷீட் போட்ட ஷெட் ஒன்று, இரண்டு பேருக்கும் பொது. அந்த ஷெட்டின் மேல் எனக்கு ஒரு கண். நான் ரவிக்கை தைப்பவள். விவேக் நகரில் இருந்த என் அம்மா வீட்டிலிருந்து கல்யாணச் சீராக வந்த தையல் மெஷினை அடுப்படியில் போட்டுத் தைத்துக்கொண்டிருந்தேன். அடுப்படியில் தைத்தால் என்ன ஆகும்? ரவிக்கை மீன் குழம்பு மணக்கும். ஒரு அம்மாள் தன் பட்டு ரவிக்கையை முகர்ந்து பார்த்துவிட்டு, "இத்தப் போட்டுக்கினு கல்யாணத்துக்குப் போனா பூனைங்க பின்னாடியே வரும்" என்றாள். எனக்கு மானம் போயிற்று. ஷெட்டில் மெஷினைப் போட வேண்டும், வாசலில் ஒரு போர்டு மாட்ட வேண்டும், இன்னொரு மெஷின் வாங்கிக் கூட ஒரு பெண்ணை உட்காரவைக்க வேண்டும். என் ஆசை அவ்வளவுதான். கொழுந்தன்கூட, "ஷெட்டை அண்ணியே வெச்சிக்கட்டும்ணா" என்று சொல்லிவிட்டான்.

அந்த வாரம்தான் வண்டி வந்து இறங்கியது.

என் வீட்டுக்காரர் தொழிற்சாலையில் லேத்தில் இரும்பு கடைபவர். அவருக்கு வேலை பழக்கிய ஃபோர்மேன் ஒரு ஆங்கிலோ இந்தியர், காக்ஸ் டவுன்காரர். மகளோடு இருக்கப் போகிறேன் என்று ஆஸ்திரேலியாவுக்குக் கிளம்பினார். போகும்போது, பல வருஷமாக ஓடாமல் கிடந்த தன் வண்டியை இவர் தலையில் கட்டிவிட்டுப் போனார். இரண்டே பேர் உட்காரும் சிவப்பு வண்டி. மேலே கூரை கிடையாது. இங்கிலாந்தில் செய்தது. "நீ ஓட வெச்சிடுவ" என்று தோளில் ஒரு தட்டுத் தட்டினாராம். அந்தத் தட்டுதான் எங்கள் குடியைக் கெடுத்தது. அப்ரண்டிஸாக இருந்த நாளில், ஃபோர்மேன் அந்த வண்டியில் தொழிற்சாலை கேட்டுக்குள் நுழைவதை வாயைப் பிளந்துகொண்டு பார்த்தவர் இவர். தானும் ஒரு நாள் அப்படி நுழைய வேண்டும் என்று அன்றே மனதில் போட்டுவைத்திருக்கிறார். கட்டியவளிடம் அதைச் சொல்லவே இல்லை.

தொழிற்சாலையில் இவர் பொறுமைசாலி என்று பெயர். முடியளவு பிசகாமல் கடைவாராம். வீட்டில் அந்தப் பொறுமையை நான் ஒரு நாளும் கண்டதில்லை. அங்கே மேலே கேட்க ஆள் இருந்தது. இங்கே யார் இருக்கிறார்கள்?

முதல் தகராறு ஸ்பேனரில் வந்தது. அந்த வண்டியின் நட்டுகள் எல்லாம் அங்குலக் கணக்கு. இவரிடம் இருந்தவை மில்லிமீட்டர் ஸ்பேனர்கள். ஒன்று நுழையாது, நுழைந்தால் லொடலொடக்கும். சரியான ஸ்பேனர் தேடி ஜே.சி. ரோட்டுக்கு அலைய இவருக்குப் பொறுமை ஏது? நுழையாத ஸ்பேனரை நட்டின் மேல் வைத்துச் சுத்தியலால் அடித்து இறக்குவார். திருகுவார். நட்டின் முனைகள் மழுங்கி ஸ்பேனர் வழுக்கும். முஷ்டி போய் இரும்பில் மோதி விரல் மூட்டுத் தோல் கிழியும். உடனே கெட்ட வார்த்தை, உடனே ஸ்பேனர் பறக்கும். என் தண்ணீர்க் குடம் ஒரு தரம் நசுங்கியது. இன்னொரு தரம் ஸ்பேனர் அடுப்படி ஜன்னலைத் தாண்டி வந்து நான் வெட்டிப்போட்ட துணி மேல் விழுந்தது. இரண்டடி தள்ளி விழுந்திருந்தால் என் மண்டை. "யோவ், வண்டியைச் சரி பண்றியா, எங்களச் சரி பண்றியா?" என்று கேட்டேன். "சும்மா இருமே" என்றார். அவ்வளவுதான் பதில்.

அடுத்தது சக்கரம். சக்கரத்துக்கு நடுவில் இரண்டு காது வைத்த பெரிய நட் ஒன்று. காதில் சுத்தியலால் அடித்துக் கழற்ற வேண்டும். இடது பக்கச் சக்கரம் கழன்றுவிட்டது. அதே திசையில் வலது பக்கமும் அடித்தார். காலையில் ஆரம்பித்து, சாப்பாட்டைத் தள்ளிவைத்துவிட்டு, எட்டு ராத்தல் சம்மட்டியால் அடித்தார். ஒவ்வொரு அடிக்கும் ஷெட் ஷீட் அதிர்ந்தது. மாடியில் கொழுந்தன் குழந்தை தூங்க முடியாமல் அழுதது. கொழுந்தன் கீழே இறங்கி வந்து நட்டைக் கொஞ்ச நேரம் பார்த்தான். ஓடும்போது கழலாமல் இருக்க, ஒரு பக்கம் ஒரு திசையும் மறுபக்கம் எதிர்த் திசையுமாக மரை வெட்டியிருக்கிறார்கள் என்று கண்டுபிடித்தான். "ணா, இவ்ளோ நேரமா நீ கழட்டல. டைட் பண்ணிக்கினு இருக்க" என்றான்.

சொன்னது அவ்வளவுதான். சொல்லிவிட்டுச் சிரித்தான். அந்தச் சிரிப்புதான் வினை. இவர் சம்மட்டியைப் போட்டுவிட்டுத் தம்பி கழுத்தைப் பிடித்தார். அவன் இவர் வயிற்றில் முட்டியால் கொடுத்தான். இரண்டு பேரும் கிரீஸில் உருண்டார்கள். நானும் ஓரகத்தியும் ஆளுக்கொருவரை இழுத்தோம். எனக்கு முழங்கையில் ஒரு இடி விழுந்தது, யார் இடித்தது என்று இன்றுவரை தெரியாது. கடைசியில் ஒரு வாளித் தண்ணீரைத் தூக்கி இரண்டு பேர் மேலும் கொட்டினேன். மூக்கில் ரத்தம் ஒழுக ஒழுக எழுந்த மனுஷன் நேரே போய் எதிர்த் திசையில் அடித்தார். மூன்றாவது அடியில் நட் கழன்றது. தம்பியிடம் மன்னிப்பாவது ஒன்றாவது?

பிறகு ஸ்பிரிங். முன் சக்கரத்துக்கு உள்பக்கம், இரும்புக் கைகளுக்கு நடுவே அமுக்கிவைத்த தடித்த சுருள். அதைப் பிடித்துக்கொண்டு மெல்ல இறக்க ஒரு கருவி உண்டாம். இவர் என் துணி காயப்போடும் நைலான் கயிற்றை அவிழ்த்துச் சுற்றிக் கட்டிவிட்டு, போல்ட்டைக் கழற்றினார். நான் தைத்துக்கொண்டிருந்தேன். வெடி வெடித்த மாதிரி ஒரு சத்தம். ஓடிப்போய்ப் பார்த்தால் ஷெட் கூரையில் ஓட்டை, ஸ்பிரிங் பின் வீட்டுத் துணி துவைக்கும் கல்லடியில் கிடக்கிறது. நல்ல வேளையாக அங்கே யாரும் துவைத்துக்கொண்டிருக்கவில்லை. இவர் கன்னம் காதுவரை கிழிந்து தொங்கியது. தையல் போட்டுக் கூட்டிவந்தோம். அந்தக் கன்னத்தைப் பார்த்து எனக்கு அழுகை வரவில்லை, ஆத்திரம்தான் வந்தது.

முகத்தில் கட்டோடு உட்கார்ந்திருந்தவரை நானும் கொழுந்தனும் பிடித்துக்கொண்டோம். போதும், வண்டியைப் பழைய இரும்புக்காரனுக்குப் போடு, ஷெட்டை விடு என்றோம். வாயைத் திறக்க முடியாமல் பல்லைக் கடித்துக்கொண்டே சொன்னார்: "ஆயுத பூஜைக்கு இந்த வண்டி அதோட இன்ஜின்லயே நகந்து எலுமிச்சம்பழத்தை நசுக்கும். நசுக்கலன்னா ஷெட் உனுக்கு. எங்கம்மா மேல சத்தியம்."

வேண்டாம் என்று சொல்வேனா? ஒப்புக்கொண்டேன். கோயிலுக்குப் போய், இந்த வண்டி ஓடக் கூடாது, ஓடவில்லை என்றால் தேங்காய் உடைக்கிறேன் என்று பிள்ளையாரிடம் வேண்டிக்கொண்டும் வந்தேன். புருஷன் காரியம் கெட வேண்டும் என்று வேண்டியவள் நான் ஒருத்திதான் இருப்பேன். போர்டுக்காரனிடம் எழுத்துக்கூடச் சொல்லிவைத்துவிட்டேன்.

பூஜைக்கு முந்தின நாள் மத்தியானம் இன்ஜின் சத்தம் போட்டது. இருமி, புகை கக்கி, பிறகு ஒரே சீராக ஓடியது. தெருவே கூடிவிட்டது. ஷெட் போயிற்று. அடுப்படிக்குப் போய் முந்தானையை வாயில் அமுக்கிக்கொண்டு அழுதேன். திரும்பி வந்து, "பிரேக்லாம் பிடிக்குதா?" என்று மட்டும் கேட்டேன். "எல்லாம் பக்கா. நீ போயி எலுமிச்சம்பழம் வாங்கினு வா" என்றார்.

வாங்கிவந்தேன். தோற்றாலும் பூஜை பூஜைதானே. வண்டிக்கு மஞ்சள் குங்குமம் வைத்தேன், சாமந்தி மாலை போட்டேன், நாலு சக்கரத்தடியிலும் நாலு பழம் வைத்தேன். கொழுந்தன் பூசணிக்காயைத் தெருவில் போட்டு உடைத்தான். நான் வண்டிக்கு முன்னால் நின்று கற்பூரம் சுற்றினேன். இவர் புதுச் சட்டை போட்டு, கன்னத்துத் தழும்பில் விபூதி பூசி, ராஜா மாதிரி உட்கார்ந்திருந்தார். "ஜல்தி நகருமே, எடுக்கறேன்" என்றார். தட்டைக் கீழே வைக்கக் குனிந்தேன். நான் நகர்வதற்குள் கிளட்சை விட்டார்.

வண்டி நகரவில்லை, பாய்ந்தது. ஆக்ஸிலரேட்டர் அமுங்கினது அமுங்கினபடி மாட்டிக்கொண்டது. கொழுந்தன் என் தலைமுடியைப் பிடித்து இழுத்தான். அவன் இழுத்ததால் உடம்பு தப்பியது, வலது கால் தப்பவில்லை. சக்கரம் பாதத்தின் மேல் ஏறி இறங்கியது. எலும்பு உடைகிற சத்தம் காதில் கேட்டது. வண்டி பூசணிக்காயில் வழுக்கிப்போய் எதிர்வீட்டுக் காம்பவுண்டு சுவரை இடித்துத் தள்ளிக்கொண்டு நின்றது. ஸ்டீயரிங்கில் மோதி இவருக்கு முன்பல் இரண்டு போயின. வாயெல்லாம் ரத்தத்தோடு இறங்கி வந்து, என் காலைப் பார்த்துவிட்டுத் தெருவிலேயே உட்கார்ந்துவிட்டார். அந்த ஆளை அன்றைக்கு நான் என்னென்ன பேசினேன் என்பதைத் தெரு இன்னும் மறக்கவில்லை.

ஆஸ்பத்திரியில் காலுக்குள் கம்பி வைத்தார்கள். தையல் மெஷினை மிதிக்கிற கால் அதுதான். கட்டிலில் கிடந்தபோது கொழுந்தன் வந்து சொன்னான், "அண்ணி, அண்ணன் வண்டிய சம்மட்டியால அடிச்சே ஒடச்சிட்டாரு. கண்ணாடி, பானட், லைட்டு ஒண்ணு பாக்கியில்ல. பழைய இரும்புக்காரன் பொறுக்கிக்கினு போனான்." தெருவில் எல்லாரும், பெண்டாட்டி மேல் எவ்வளவு பாசம் பார் என்று பேசிக்கொண்டார்களாம். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. வருஷம் முழுக்க அடித்ததைத்தானே கடைசியிலும் செய்தார்? அதில் பாசம் எங்கே வந்தது? கொழுந்தன் கொஞ்சம் தயங்கிவிட்டு இன்னொன்றும் சொன்னான். அண்ணன் உடைப்பதற்கு முன்னாலேயே வண்டிக்கடியில் பார்த்தானாம். பிரேக் சிலிண்டரே இல்லையாம். உள்ளே போடும் ரப்பர் கிடைக்காததால் கழற்றின சிலிண்டர் ஷெட் அலமாரியிலேயே இருந்ததாம்.

கக்கத்துக் கட்டைகளை ஊன்றிக்கொண்டு வீட்டுக்கு வந்தேன். ஷெட் காலியாக இருந்தது. கூரையில் புது ஷீட், சுவருக்குச் சுண்ணாம்பு, நடுவில் என் மெஷின். போர்டையும் கேட்டு வாங்கி மாட்டியிருந்தார். என் முகத்தைப் பார்க்கவில்லை. உட்கார்ந்து இடது காலால் மிதித்துப் பழகினேன். தையல் கோணிப்போகும், பிரிப்பேன், மறுபடி தைப்பேன்.

ஒரு காலை, துணியை விரித்து வெட்டிக்கொண்டிருந்தேன். இவர் டீ கொண்டுவந்து வைத்துவிட்டு, போகாமல் வாசலில் நின்றார். ஒரு நல்ல வார்த்தை எதிர்பார்க்கிறார் என்று தெரிந்தது.

"பிரேக்கு இல்லன்னு உனுக்குத் தெரியுமில்ல?" என்று கேட்டேன்.

"தெரியும்."

"ஒரு வாரம் போனா ரப்பர் கெடச்சிருக்குமில்ல?"

"ஆர்டர் குடுத்திருந்தேன்."

"அப்புறம் இன்னாத்துக்கு அன்னிக்கே எடுத்த?"

பல் போன வாயை மூடித் திறந்தார். "எல்லாம் பக்கா" என்ற அதே வாய் இந்தத் தடவை பொய் சொல்லவில்லை.

"பூஜைக்குள்ள ஓடலன்னா ஷெட்டை நீ எடுத்துக்குவல்ல" என்றார்.

கையில் இருந்த கத்தரிக்கோலை வீசி எறிந்தேன். குறி பார்த்துத்தான் எறிந்தேன். காதை உரசிக்கொண்டு போய் வாசல் ஓரத்துச் சுவரில் குத்தி, சுண்ணாம்பைப் பெயர்த்துக்கொண்டு கீழே விழுந்தது. அவர் தலையைச் சாய்க்கக்கூட இல்லை. காதுமடலில் இருந்து ஒரு கோடு ரத்தம் கழுத்துக்கு இறங்கியது.

"எட்த்துக் குடு" என்றேன்.

குனிந்து எடுத்து, கைப்பிடி என் பக்கம் இருக்கும்படி நீட்டினார். வாங்கினேன். பாதியில் நின்ற வெட்டைத் தொடர்ந்தேன். அவர் இன்னும் வாசலிலேயே நின்றார்.

"தள்ளி நில்லு. வெளிச்சத்தை மறைக்கற" என்றேன்.